உப்புக்காற்று படாத இடம்

மழைக்காலத்தில் புதுக் கார் வாங்கக் கூடாது, ஐயா. அப்போதுதான் விலையைக் குறைத்துத் தருவார்கள், ஆனாலும் வாங்கக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து ஷோரூம்வரை அந்த வண்டி லாரியின் மேல் நனைந்துகொண்டே வந்திருக்கும். மேலே துடைத்து மினுக்கி வைத்துவிடுவார்கள். கீழே குனிந்து யார் பார்க்கிறார்கள்? நான் வெயில் காலம் வரட்டும் என்று ஐந்து மாதம் காத்திருந்து வாங்கினேன்.

"ஆரம்பத்துலேருந்து எழுதுங்க, எதையும் விட்டுடாதீங்க" என்று சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். ஆரம்பம் என்றால் இதுதான். என் மச்சினன் செத்ததைப் பற்றி எழுதத்தான் வந்திருக்கிறேன், அதற்கும் வருவேன். காரைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் என்னை ஏதோ முன்கோபி என்று நினைத்துவிடுவீர்கள். எனக்குக் கோபமே வராது. இருபத்தேழு வருட வேலையில் ஒருவனையும் நான் 'டேய்' என்று கூப்பிட்டதில்லை.

கப்பல் பழுதுபார்க்கும் பணிமனையில் நான் பூச்சு ஆய்வாளர். இரும்பில் எங்கே துரு, எவ்வளவு ஆழம், சுரண்டிப் பெயின்ட் அடித்தால் போதுமா, தகட்டையே வெட்டி எடுக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் என்னைத் 'துரு சார்' என்பார்கள். என் மச்சினன் முகத்துக்கு நேராகவே 'துரு மச்சான்' என்பான். சிரித்துக்கொண்டுதான் சொல்வான், அதனால் யாருக்கும் தப்பாகத் தோன்றாது.

துரு கண்ணுக்குத் தெரியும்போதுதான் ஆரம்பிக்கிறது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது பாதி முடிந்த கதை. அது ஆரம்பிப்பது தரைவிரிப்புக்கு அடியில், இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில், சீட்டை இறுக்கியிருக்கும் போல்ட்டின் கழுத்தில். இது தெரிந்த ஒருவன் கார் வாங்கினால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பானா மாட்டானா? நான் கைவிளக்கும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துப்போய், வண்டியை மேலே தூக்கச் சொல்லி, அடியில் நின்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஷோரூம் மேனேஜர் மூன்று தடவை வந்து எட்டிப்பார்த்தார். "சார், நீங்க கார் வாங்க வந்தீங்களா, கல்யாணம் பண்ணிக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற என் மனைவி, "கல்யாணத்துக்கு இவ்ளோ பாக்கல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வாங்கி வந்ததும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்தே கிடந்தேன். சக்கர வளைவுகளுக்குக் கப்பலுக்கு அடிக்கும் பூச்சையே அடித்தேன். கதவுகளின் உள்வயிற்றில் மெழுகு பீய்ச்சினேன். எங்கள் வீடு கடலிலிருந்து எண்ணூறு அடி. அங்கே நிறுத்துவது தற்கொலைக்குச் சமம் என்பதால் ஊரின் மேட்டுப்பக்கம், மலைக்கு அந்தப் புறம், ஒரு பழைய மரக்கடைக்குப் பின்னால் இருந்த காய்ந்த கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். உப்புக்காற்று அங்கே எட்டாது. வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிட நடை, அல்லது ஒரு பஸ். "பஸ் ஏறிப் போயி கார் ஏர்ற குடும்பம் நம்ம ஒண்ணுதான்" என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை தூறினால் வண்டியை எடுக்க மாட்டோம். ஈரக் குடை உள்ளே வரக் கூடாது. ஏறும்போது செருப்பைக் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்றும் கஷ்டமான விதிகள் இல்லை. முதல் பதினோரு மாதத்தில் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டினேன், ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனதில்லை.

இதில் என் மச்சினன் எனக்கு உதவியாகத்தான் இருந்தான். அதையும் எழுதிவிட வேண்டும். கருவிகள் வரும் பெட்டிகளில் ஈரத்தை உறிஞ்சச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் போட்டிருப்பார்கள் அல்லவா, குப்பைக்குப் போகிறவை. அவன் ஸ்டோரில் சொல்லிவைத்து அவற்றைச் சேர்த்து ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். "மச்சான், உங்க புதுப் பொண்டாட்டிக்குப் பவுடர்" என்றான். சீட்டுக்கு அடியில் எல்லாம் அவற்றைப் பரப்பி வைத்தேன். அருமையான வேலை செய்தன.

அவனை நான் வெறுத்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுடைய அம்மா இறந்தபோது என் மனைவிக்குப் பதினேழு வயது, அவனுக்கு ஆறு. குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்தவள் இவள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே அவன் அவளுக்குத் தம்பி என்பது பேருக்குத்தான், பெறாத பிள்ளை. பணிமனையில் துரு சுரண்டும் குழுவில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். நல்ல வேலைக்காரன். சுரண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வான். அவனுக்கிருந்த ஒரே குறை, இரும்பு என்றால் என்ன என்று தெரிந்த அந்தக் கைக்கு, கார் என்றால் என்ன என்று தெரியாமல் போனதுதான். "ஓடுற காருக்கு ஒண்ணும் ஆவாது மச்சான். நிக்கிற காருதான் உக்கிப் போவும்" என்பான். பாதி உண்மை. பாதி உண்மை எப்போதும் ஆபத்து.

கல்யாணமாகி நான்கு வருடம் கழித்து அவன் மனைவி உண்டானாள். எனக்கு அந்தப் பெண் தங்கை முறை. ஏழாவது மாதத்தில் ஒருநாள் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டாம் என்று, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் என் மனைவி இரண்டாவது சாவியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள். புதுக் காருக்கு எல்லோரும் இரண்டு சாவி தருகிறார்கள். ஏன் தருகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சாயங்காலம் அவனே வந்து சொன்னான். எதையும் மறைக்கிற ஆள் இல்லை. "கொஞ்சம் மண்ணாயிடுச்சு மச்சான். ஆனா வழியில பைப்பு இருந்துச்சு, பளபளன்னு கழுவிட்டுத்தான் கொண்டாந்து விட்டேன்" என்றான். எந்தப் பைப் என்று கேட்டேன். கடற்கரைச் சாலையில் லாரிகளைக் கழுவும் இடம். அங்கே நிலத்துக்கு அடியிலிருந்து வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். உப்பால் அழுக்கான வண்டியை உப்பாலேயே கழுவி, ஜன்னலை ஏற்றிப் பூட்டி வைத்திருந்தான். "நல்லது மாப்ள" என்றேன்.

அடுத்தடுத்து மூன்று ஞாயிறு சீட்டுகளைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, உறிஞ்சி எடுத்தேன். நாற்பத்தொரு கிராம் மணல். எடை போட்டேன். மூன்றாவது ஞாயிறு, பின் சீட்டின் வலது போல்ட் பக்கத்தில் பழுப்பாக ஒரு புள்ளி இருந்தது. கடுகளவு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அந்தக் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், ஐயா. என் அப்பா போனபோதுகூட எனக்குக் கண்ணீர் வரவில்லை. பிறகு எழுந்து புள்ளியைச் சுரண்டி, அமிலம் தடவி, துத்தநாகப் பூச்சு வைத்து மூடினேன். மேலே மூடிவிடலாம். இடுக்குக்குள் என்ன நடக்கிறது என்று மூடியவனுக்கே தெரியாது.

எட்டாவது மாதம் முடிந்த ஒரு ஞாயிறு மத்தியானம், நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, என் மனைவி ஒரு செய்தியைச் சொன்னாள். அடுத்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து கார் தம்பி வீட்டு வாசலில் நிற்கட்டும் என்றாள். வலி எப்போது எடுக்கும் என்று யாருக்குத் தெரியும், ஆஸ்பத்திரி பதினாறு கிலோமீட்டர், பிள்ளை பிறந்து தாயும் பிள்ளையும் தேறும்வரை போக வர வேண்டியிருக்கும், மிஞ்சி மிஞ்சிப் போனால் மூன்று மாதம்.

அவன் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. கடைசித் தெருவில் கடைசி வீடு. அதற்குப் பிறகு ஒரு கைப்பிடிச் சுவர், சுவருக்குப் பிறகு கடல். அலை பெரிதாக அடித்தால் கொடியில் காயும் துணி உப்பாகும். அவன் வீட்டு ஜன்னல் கம்பியை நான் இரண்டு விரலால் ஒடித்துக் காட்டியிருக்கிறேன். அந்த வாசலில் மூன்று மாதம்.

நான் நியாயமாகத்தான் பேசினேன். ஆம்புலன்ஸ் இருக்கிறது என்றேன். தெருமுனையில் டாக்சி இருக்கிறது, எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் வருவான் என்றேன். அதெல்லாம் வேண்டாம் என்றால் என்னைக் கூப்பிடட்டும், கொட்டகைக்குப் போய் எடுத்துவந்து நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். அதற்கு அவள், வலி எடுத்தவளை உட்காரவைத்துவிட்டு நீங்கள் பஸ் பிடித்துக் கொட்டகைக்குப் போவீர்களா, வானம் தூறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். தூறினால் டாக்சி என்றேன். அவள் இரண்டாவது சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பத்தொம்பது வருஷத்துல உங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. அது தகரங்க. அவன் என் தம்பி."

அது தகரம் இல்லை. இருபுறமும் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு. ஆனால் அதை அப்போது நான் சொல்லவில்லை. வீட்டில் சண்டை எனக்குப் பிடிக்காது. அவள் மனம் நோகக் கூடாது என்பதே எனக்கு எப்போதும் முதல் கவலை. சாவியைத் திருப்பிக் கேட்டிருந்தால் அவள் வாழ்நாள் முழுக்க என்னை மன்னித்திருக்க மாட்டாள்.

அதுவரைக்கும் எனக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. மூன்று மாதம்தானே, வாரம் இரண்டு முறை போய் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிட்டு வந்தால் சமாளிக்கலாம் என்றுகூடக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மச்சினன் பணிமனையில் என்னைத் தேடி வந்தான். அக்கா சொன்னதைக் கேட்டு அவனுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"மச்சான், உங்களுக்கு அது எவ்ளோ உசுருன்னு எனக்குத் தெரியும். நான் நல்ல கெட்டித் தார்ப்பாயா ஒண்ணு வாங்கிட்டேன். காத்து ஒரு பக்கமும் போகாம சுத்தி இறுக்கிக் கட்டி வெச்சுக்கறேன். கவலயே படாதீங்க."

தார்ப்பாய். கடலோரத்தில், ஈரக் காற்றில், இரும்பைத் தார்ப்பாயால் இறுக்கிக் கட்டுவது. உள்ளே வேர்க்கும், வேர்த்தது வெளியே போகாது, உப்பு உருகி உருகி ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கும். திறந்த வெயிலில் போட்டால்கூட இரும்பு பிழைக்கும். பதினொரு வருடம் துருவோடு வேலை செய்தவன் இதைச் சொல்கிறான், அதுவும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் நனைந்து. கெட்ட எண்ணம் உள்ளவனிடம் பேசித் திருத்தலாம். இவனை என்ன செய்வது? அந்த நிமிடம்தான் நான் முடிவு செய்தேன். தேதி வேண்டுமென்றால் சம்பளப் பட்டுவாடாவுக்கு முந்தின செவ்வாய், டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால்.

இனி வேலை நடைமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த வாரம் எங்களிடம் ஒரு பழைய சரக்குப் படகு வந்திருந்தது. ஒன்பது வருடம் எங்கோ மூலையில் கட்டிக் கிடந்தது. அதன் முன்பகுதியில் தளத்துக்கு அடியில் இடது, வலது என்று இரண்டு காலி டேங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள் நுழையும் அளவு வட்டமான வாய், இரும்பு மூடி.

இரும்பு துருப்பிடிக்கிறது என்றால், நாம் மூச்சுவிட எது வேண்டுமோ அதைக் காற்றிலிருந்து அதுவும் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். திறந்த வெளியில் அது தெரியாது. மூடிக் கிடக்கும் டேங்கில், உள்ளே இருந்த அத்தனையையும் வருடக் கணக்கில் துரு தின்று முடித்திருக்கும். நாற்றம் இருக்காது, புகை இருக்காது. இறங்குகிறவனுக்கு வித்தியாசமாக ஒன்றும் தோன்றாது. இரண்டாவது மூச்சிலோ மூன்றாவது மூச்சிலோ முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிடுவான். அதனால்தான் மூடியைத் திறந்து, முழுதாக ஒரு நாள் காற்று ஊதி, மீட்டரை உள்ளே இறக்கிப் பார்த்த பிறகே ஆள் இறங்கலாம் என்று விதி. மீட்டர் பார்ப்பது நான். பார்த்துவிட்டு வாயருகே ஒரு பலகை மாட்டுவேன். சிவப்பு என்றால் இறங்காதே. பச்சை என்றால் இறங்கு. பலகைகள் என் பையில்தான் இருக்கும், வேறு யாரும் தொட மாட்டார்கள்.

எங்கள் ஆட்கள் மீட்டரைப் பார்க்க மாட்டார்கள், அது அவர்களுக்குப் புரியாது. மேஸ்திரி சொன்னால்கூட இறங்க மாட்டார்கள். பலகையைப் பார்ப்பார்கள். ஏனென்றால் அதை மாட்டுகிறவன் நான். இருபத்தேழு வருடத்தில் ஒரு பலகைகூடத் தப்பாக மாட்டியதில்லை என்ற நம்பிக்கை. உண்மையும் அதுதான். வெள்ளிக்கிழமை மாட்டியதும் தப்பாக மாட்டியதல்ல.

இடது டேங்கைப் புதன்கிழமையே திறந்து இரண்டு நாள் காற்று ஊதியாயிற்று. வலது டேங்கின் மூடியை வெள்ளிக்கிழமை காலைதான் கழற்றினார்கள். மீட்டரை இறக்கிப் பார்த்தேன். எண் மிகவும் கீழே இருந்தது, நான் எதிர்பார்த்ததைவிடக் கீழே. இடதில் பச்சை, வலதில் சிவப்பு மாட்டினேன். பத்து மணிக்கு மச்சினன் இறங்க வேண்டும், அவனுக்குக் காவலாக வாயருகே நிற்க வேண்டியவன் நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் ஓர் ஆள், அவனுடைய நெருங்கிய சிநேகிதன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நெட்டையை ஸ்டோருக்கு அனுப்பி இன்னொரு விளக்கு எடுத்துவரச் சொன்னேன். பிறகு இரண்டு பலகைகளையும் இடம் மாற்றினேன். அரை நிமிட வேலை.

மச்சினன் சுரண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தூக்கம் இல்லாத முகம். உங்கள் தங்கைக்குக் கால்வலி, இரவெல்லாம் பிடித்துவிட்டேன் என்றான். பிறகு இரண்டு வாய்களையும் பார்த்தான்.

"வலதா மச்சான்? நேத்து இடதுன்னாங்களே?"

"பலகையப் பாரு மாப்ள" என்றேன்.

பார்த்தான். தலையை ஆட்டினான். இறங்கினான். நான் அவனிடம் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது படி. அவன் தலைவிளக்கின் வெளிச்சம் கீழே போய், ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் நின்றது. அப்புறம் நகரவில்லை. நான் பலகைகளை மறுபடி பழைய இடத்தில் மாட்டினேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் அந்த வெளிச்சம் விழுந்த தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல முற்றிய துரு, அடுக்கடுக்காக உரிந்து நின்றது. அந்தத் தகட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

நெட்டை விளக்கோடு திரும்பி வந்து எட்டிப்பார்த்தான். பார்த்த கையோடு விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே குதிக்கப் போனான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தளத்தில் தள்ளினேன். அவன் என்னைவிட அரை முழம் உயரம், எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ. கையைக் கடித்தான், விடவில்லை. "வுடு சார், அவன் கண்ணு தொறந்திருக்கு சார்" என்று கத்தினான். மூச்சுக் கருவி இல்லாமல் எவனும் இறங்கக் கூடாது, அதுதான் விதி. விழுந்தவனைத் தூக்கப்போய் விழுந்தவர்கள்தான் உலகம் முழுக்க அதிகம். கருவி பணிமனைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவரைக்கும் நெட்டையை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தேன். மேலே கொண்டுவந்தபோது என் மச்சினனுக்கு உயிர் இல்லை.

சொந்த மச்சினன் உள்ளே கிடக்கும்போதும் நிதானம் தவறாமல் இன்னொரு உயிரைக் காப்பாற்றினார் என்று பணிமனையில் என்னைப் பாராட்டினார்கள். நெட்டையின் அம்மா வீட்டுக்கு வந்து என் காலில் விழப் பார்த்தார். அதில் தவறில்லை, நெட்டையை நான் உண்மையிலேயே காப்பாற்றினேன். அவன்மேல் எனக்கு ஒன்றும் இல்லையே.

விசாரணை நடந்தது. இடது டேங்கில் பச்சை, வலது டேங்கில் சிவப்பு, எல்லாம் சரியாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் சிவப்புப் பலகையைக் கவனிக்காமல் தவறான டேங்கில் இறங்கியது தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தத் தாளை என் மனைவி கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவனாங்க என் தம்பி? நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவன் கவனக்குறைவானவன் இல்லை. காரைத் தவிர வேறு எதிலும் அவன் கவனக்குறைவாக இருந்ததில்லை. ஒரு நல்ல வேலைக்காரன் மேல் இப்படி ஒரு பழி நிற்பது எனக்கும் உறுத்தியது. நான் இன்று இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, திங்கட்கிழமை கார் கடலோரம் போகவில்லை. பன்னிரண்டு நாள் கொட்டகையிலேயே இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. பதின்மூன்றாம் நாள் தங்கைக்கு வலி எடுத்தது. கொட்டுகிற மழை. நான் வேலையில் இருந்தேன். என் மனைவி இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு நனைந்தபடி கொட்டகைவரை நடந்திருக்கிறாள். வண்டி ஓட்ட அவளுக்குத் தம்பிதான் எப்போதோ சொல்லிக்கொடுத்தது. தேங்கிய தண்ணீரில் இறக்கி ஓட்டி, தங்கையைப் பின் சீட்டில் கிடத்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பாதி வழியிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது.

தகவல் வந்ததும் ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டியின் பின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பிழிந்தால் ஒரு வாளி வரும். கைக்குட்டையாலும் பழைய செய்தித்தாளாலும் முடிந்த அளவு ஒற்றி எடுத்தேன். பிள்ளையை அதற்குப் பிறகுதான் போய்ப் பார்த்தேன். நன்றாக இருந்தான். அப்படியே அவன் அப்பன் முகம்.

அதோடு முடிந்திருந்தால் நான் பொறுத்திருப்பேன். என் மனைவி, தனியாக ஒரு பச்சை உடம்புக்காரியை எப்படி விடுவது என்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தக் கடைசி வீட்டுக்கே குடிபோய்விட்டாள். காரும் அவளோடு போய்விட்டது. பிள்ளைக்கு ஊசி, தங்கைக்கு மருந்து, தினம் ஏதாவது ஒரு வேலை. ஈரத் துணி, பால் புட்டி, குடை எல்லாம் அதில்தான். மற்ற நேரத்தில் வாசலில் நிற்கிறது, சுற்றிலும் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டி. தம்பி வாங்கி வைத்தது என்று சொல்லி அவளே கட்டுகிறாள்.

போன வாரம் போய்ச் சாவியைக் கேட்டேன். தன்மையாகத்தான் கேட்டேன். அவள் பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"வண்டி இங்கதான் இருக்கும். இவன் வளந்து இதுலதான் ஓட்டிப் பழகுவான்."

பதினெட்டு வருடம், ஐயா. அந்த வாசலில், அந்தத் தார்ப்பாய்க்குள். என் அனுபவத்தில் ஆறாவது வருடம் அடித்தகட்டில் விரல் நுழையும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யோசித்தேன். வேறு என்ன வழி என்று எல்லாப் பக்கமும் யோசித்தேன். என் மனைவியைப் பற்றியோ அந்தக் குழந்தையைப் பற்றியோ எனக்குத் தவறான எண்ணம் எதுவும் வரவில்லை. இன்று காலை வந்தது. வந்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். இதைவிட ஒரு மனிதன் நியாயமாக என்ன செய்ய முடியும்?

ஆகவே, என் மச்சினனை நான் திட்டமிட்டுக் கொன்றேன் என்பதை முழு நினைவோடு எழுதிக் கையெழுத்திடுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கொலைக்குக் காரணம் அந்தக் கார். அப்படிப்பட்ட பொருளை நீங்கள் கைப்பற்றி, வழக்கு முடியும்வரை வேறு யாரும் தொடாமல் வைத்திருப்பீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்றைக்கே ஆள் அனுப்பினால் நல்லது, ராத்திரி மழை வரும் போலிருக்கிறது. என்னுடைய சாவி இத்துடன் இருக்கிறது. மற்றதை என் மனைவி இடுப்பில் செருகியிருப்பாள், வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் அழுவாள், அதற்காக விட்டுவிட வேண்டாம். கொண்டுவந்து கூரைக்குக் கீழே, தரை காய்ந்த இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

உள்ளே வரும்போது உங்கள் நிலையத்துச் சுவரோரம் நிற்கும் வண்டிகளைப் பார்த்தேன். ஒன்றின் முன்பக்கத்தில் செடி முளைத்துப் பூத்திருந்தது. இன்னொன்றில் கதவு இருந்த இடத்தில் துரு மட்டும் நின்றது. எத்தனை நாளாக நிற்கிறது என்று வாசலில் இருந்த கான்ஸ்டபிளைக் கேட்டேன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, ஆறு வருடம் என்றார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவையெல்லாம் கேட்பாரற்ற வண்டிகள், ஐயா. இதற்கு நான் இருக்கிறேன்.